பென்னாகரம் பக்கம் ஃபுளோரைடு: ஊரோடு சேர்ந்து நடத்தும் கள ஆய்வகத்துக்கு வரைவு, கருத்து தேவை

நீர்மட்டம்

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் ஒன்றியத்தில், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்து பல்லைக் கெடுக்கும் ஆறு குக்கிராமங்களை எடுத்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு வரைவு தயாராகிறது. ஒரு கல்லூரியும் ஒரு தொண்டு அமைப்பும் சேர்ந்து செய்வது. நிதி தருபவர்கள் "லிவிங் லேப்", அதாவது ஊரோடு சேர்ந்து நடத்தும் கள ஆய்வக முறையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இப்போதைய வடிவம் இது:

முதல் ஆண்டு எல்லா போர்வெல்களிலும் ஃபுளோரைடு அளவு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை. இரண்டாம் ஆண்டு மூன்று ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் குருணை) போட்ட ஃபில்டர், மற்ற மூன்று ஊர்கள் ஒப்பீட்டுக்கு. மூன்றாம் ஆண்டு மறுபடி பல் பரிசோதனை, அறிக்கை, பயிற்சிப் பட்டறை.

இதில் என்ன குறை? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கொல்லைமேடு

குறை என்று ஒன்றைத் தனியாகச் சொல்ல முடியவில்லை தோழர். இது ஃபில்டர் விநியோகம், முன்னும் பின்னும் ஒரு சர்வே. கெட்ட வேலை இல்லை. ஆனால் கள ஆய்வகம் இது அல்ல.

ஜெர்மனியில் இதற்கு ரியலாபோர் என்று பெயர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2015 முதல் இதற்கென்றே நிதி ஒதுக்கியது. கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு குடியிருப்புப் பகுதியையே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். அங்கே தெளிவாகப் பிரிக்கும் ஒரு விஷயம்: ஆய்வகம் வேறு, அதற்குள் நடக்கும் பரிசோதனை வேறு. ஆய்வகம் என்பது நிலையான ஏற்பாடு. இடம், ஆட்கள், அளவுக் கருவி, பதிவேடு, முடிவெடுக்கும் குழு எல்லாம் சேர்ந்தது. பரிசோதனை ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடும். தோற்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். உங்கள் வரைவில் பரிசோதனை ஒன்றே ஒன்று இருக்கிறது, ஆய்வகத்தைக் காணோம். அலுமினா ஃபில்டர் என்ற விடையை எழுதிவிட்டு ஊருக்குள் போகிறீர்கள். ஊர்க்காரர்கள் எந்த நாளில், எந்த முடிவை மாற்ற முடியும்? வரைவில் அப்படி ஒரு நாள் கூட இல்லை.

இலக்கை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். ஆராய்ச்சிக்கு என்ன தெரிய வேண்டும், ஊரில் என்ன மாற வேண்டும், யார் என்ன கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால், ஆண்டுக் கடைசியில் கட்டுரை வந்தாலே எல்லாம் நிறைவேறியதாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

பல்வரிசை

பல் பரிசோதனையை விளைவுக்கான அளவுகோலாக வைக்காதீர்கள். நிலைப்பற்களின் எனாமல், கடைவாய் ஞானப்பல் தவிர, சுமார் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை நீங்கள் நாளை அமுதமே கொடுத்தாலும் போகாது. தண்ணீர் மாறிய பலன் இன்றைய கைக்குழந்தைக்கு ஏழெட்டு வருடம் கழித்துத்தான் பல்லில் தெரியும். மூன்றாண்டுத் திட்டத்தில் பல்லை முன்னும் பின்னும் பார்த்தால் "பலனில்லை" என்றுதான் வரும். ஊரும் அதையே நம்பும்.

பல் கறையைத் தரம் பிரிக்கும் டீன் குறியீட்டில் ஒருமுறை பல் பாருங்கள், பழைய பாதிப்பு எங்கே எவ்வளவு என்ற வரைபடத்துக்கு. மாற்றத்தை அளக்கக் காலைச் சிறுநீரில் ஃபுளோரைடு. உட்கொள்ளும் அளவு குறைந்தால் சில வாரங்களிலேயே அது இறங்கத் தொடங்கும். சிறுநீரின் அடர்வைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்த்து அளந்து விகிதமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வெயிலில் நீர் குறைந்து சிறுநீர் அடர்வானாலே எண் ஏறிவிடும். பற்பசையையும் கேட்டுக் குறியுங்கள், சிறு பிள்ளைகள் விழுங்குவார்கள். சிறுநீர் மாதிரி எடுப்பது மனித ஆய்வு. நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் சம்மதம், விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். அனுமதிக்கே சில மாதங்கள் போகும், அதையும் அட்டவணையில் போடுங்கள்.

வெள்ளைக்குடுவை

அளவெடுப்பு பற்றி வரைவில் ஒரே வரிதான் இருக்கிறது. மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

இங்கே பாறை நைஸும் சார்னோக்கைட்டும். பயோட்டைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது. பைகார்பனேட் அதிகம், கால்சியம் குறைவு என்ற தண்ணீரில் இன்னும் நிறையக் கரையும், ஏனென்றால் கால்சியம் இருந்தால்தான் அது கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். பாறை வெடிப்பைப் பொறுத்து, பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் இருக்கும் இரண்டு போர்களே வெவ்வேறு அளவு காட்டும். எனவே "ஊரின் ஃபுளோரைடு அளவு" என்று ஒரு எண் கிடையாது. ஒவ்வொரு போருக்கும் தனி எண், ஆழம், பம்பு இறக்கிய மட்டம், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பு. கோடைக் கடைசியில் மே மாதம் ஒருமுறை, வடகிழக்கு மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை.

மாதிரி பிடிப்பது: பாலித்தீன் பாட்டில், 250 மி.லி. கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். போரை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, தண்ணீரின் உப்பளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டரில் எண் நிலைத்த பிறகு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடுக்கு மட்டும் என்றால் பதப்படுத்தும் ரசாயனம் தேவையில்லை, 28 நாள் வரை வைத்து அளக்கலாம்.

கலர் பார்க்கும் கிட் மகளிர் குழுவின் வாராந்தரப் பரிசோதனைக்குச் சரி. லிட்டருக்கு 1.0, 1.5, 2.0 மி.கி. என்று படிப்படியாகத்தான் காட்டும். குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5. நமக்குத் தகராறு வருவதே அந்த இரண்டு எண்களுக்கு நடுவில். முடிவெடுக்கும் அளவுகளை, ஃபுளோரைடை மின்னழுத்தமாக அளக்கும் அயன் எலக்ட்ரோடில் எடுங்கள். மாதிரியும், மற்ற உப்புகளின் குறுக்கீட்டைத் தடுக்கும் டிசாப் கரைசலும் சமபங்கு. காலையில் 0.2, 1, 10 மி.கி. திட்டக் கரைசல்களில் (ஃபுளோரைடு அளவு முன்பே தெரிந்தவை) வைத்துப் பார்த்து, அளவு பத்து மடங்கு மாறும்போது 54 முதல் 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தால் மட்டுமே வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எலக்ட்ரோடு நுனியில் காற்றுக் குமிழியோ அழுக்கோ இருக்கும். திட்டக் கரைசல் ஏசி அறையிலும் மாதிரி வெளி வராந்தாவிலும் இருந்தால் எண் தவறும், இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளக்கவும். பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி, எது எது என்று அளப்பவருக்குத் தெரியாமல்.

கணக்கு: ஆறு ஊருக்கு 48 நீராதாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு இரண்டு முறை 96. மாதாமாதம் ஊருக்கு ஒரு தொட்டியும் மூன்று குழாயும் 288. இரட்டையோடு சேர்த்து 420-ஐத் தாண்டும். ஒரு ஆளுக்கு முழுநேர வேலை இல்லை, ஆனால் பொறுப்பான ஒரு ஆள் வேண்டும்.

மேல்தொட்டி

ஃபில்டரைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். 3 கிலோ அலுமினா போட்ட வீட்டு ஃபில்டர். நம் பக்கத் தண்ணீரில் பி.எச். எட்டை ஒட்டி, பைகார்பனேட்டும் அதிகம். அலுமினா நன்றாகப் பிடிப்பது 5.5 பக்கத்தில். அதனால் கிராமுக்கு 1 மி.கி. என்று கஞ்சமாகவே கணக்குப் போடுவோம், மொத்தம் 3,000 மி.கி. போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 4 மி.கி. இருந்து அதை 1-க்கு இறக்க வேண்டும் என்றால் 1,000 லிட்டர் ஓடும். தினம் ஒரு வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் 50 நாள். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் நடுநிலையாக்க வேண்டும். நூறு வீட்டுக்கு 50 நாளைக்கு ஒருமுறை! யார் செய்வார்கள்? கழுவிய தண்ணீரில் ஃபுளோரைடு பல மடங்கு செறிந்திருக்கும், அதை எங்கே ஊற்றுவார்கள்? ஃபில்டர் தீர்ந்துவிட்டது என்பது நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து. பழைய தண்ணீரையே "ஃபில்டர் தண்ணி" என்று நம்பிக் குடிப்பார்கள்.

சந்தேகி

எல்லாம் சரி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கி வைக்கப்பட்டது, ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸுக்காகவேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து. ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு ஆய்வகம் எதற்கு? இன்னொரு அறிக்கை எழுதவா?

மேல்தொட்டி

சந்தேகி சார், உங்கள் கேள்விதான் ஆய்வகத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் தொட்டி வரை வருகிறது. தொட்டியிலிருந்து குடத்துக்கு வருவதற்குள் என்ன ஆகிறது?

30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. ஆற்றுத் தண்ணீரில் 0.3, போரில் 3.0 என்று உதாரணத்துக்கு வையுங்கள். கலந்து 1.0-க்குள் நிற்க வேண்டுமானால் போர்த் தண்ணீர் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் போகக் கூடாது, அதாவது 7,800 லிட்டர். மின்வெட்டு, மெயின் லைன் உடைப்பு, திருவிழாக் கூட்டம் என்றால் ஆபரேட்டர் போரைத் திறந்து தொட்டியை நிரப்பத்தான் செய்வார். தண்ணீர் வரவில்லை என்றால் திட்டு விழுவது அவருக்கு. ஃபுளோரைடு கூடினால் யாரும் திட்ட மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

பரிசோதனை இப்படி இருக்கலாம். மேல்நிலைத் தொட்டிக்கு ஆற்றுத் தண்ணீர் மட்டும், காலையில் ஒன்றரை மணி நேரம் குடிக்கவும் சமைக்கவும். போர்த் தண்ணீரைத் தனியே 5,000 லிட்டர் சின்டெக்ஸில் ஏற்றிக் குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு. இரண்டு வரவிலும் வாட்டர் மீட்டர், ஆபரேட்டர் தினமும் இரண்டு எண்களைக் குறிப்பார். செலவு மீட்டர், ஒரு வால்வு, கொஞ்சம் குழாய், ஆபரேட்டருக்குக் கூடுதல் படி. கடைக்கோடிக் குழாய்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதுகிறதா என்று முதல் வாரமே குடம் வைத்து அளந்து பாருங்கள், 15 லிட்டர் குடம் நிறைய எத்தனை நொடி என்று. பெரும்பாலும் காலனி லைன்தான் கடைசியில் இருக்கும்.

நீர்மட்டம்

மிக்க நன்றி. அப்படியானால் ஃபில்டரை எடுத்துவிட்டு, தொட்டிப் பிரிப்பையே முதல் பரிசோதனையாக வைக்கலாம். மழைநீர்த் தொட்டியும் யோசனையில் உண்டு. ஒப்பீட்டு ஊர் இல்லாமல் பலனை எப்படி நிரூபிப்பது? மூன்று ஊர்களைச் சும்மா விட்டுவைப்பது எங்களுக்கே உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கொல்லைமேடு

யாரையும் விட்டுவைக்க வேண்டாம், ஊர்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு மாதம் ஒன்றையும் பொருத்தாதீர்கள். நிதி தருபவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அந்த எட்டு மாதம்தான் அளவெடுப்பு, கேள்வியைத் தீர்மானிப்பது, அனுமதிகள். ஒன்பதாம் மாதம் ஆறு ஊரிலும் முதல் சிறுநீர் மாதிரி, ஊருக்கு 20 பிள்ளைகள். பத்தாம் மாதம் இரண்டு ஊர் சேரும், 16-இல் அடுத்த இரண்டு, 22-இல் கடைசி இரண்டு. மாதிரி 9, 15, 21, 27-ஆம் மாதங்களில் எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில். நாலு சுற்று, 480 மாதிரி. கோடையில் ஆட்கள் அதிகத் தண்ணீர் குடிப்பார்கள், அதனால் ஒரே ஊரின் முன்பின் எண்களை மட்டும் ஒப்பிட்டால் பருவம் ஏமாற்றும். இன்னும் சேராத ஊர் அதே வாரத்தில் பக்கத்திலேயே இருப்பதால் அது சமாளிக்கப்படும்.

யார் முதலில் என்பதைக் கிராம சபையில் எல்லார் கண்முன்னும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்தால், தலைவர் தெரு முதலில் வந்தது என்ற பேச்சு மூன்று வருடமும் ஓயாது. ஒரு சிக்கல் உண்டு: பக்கத்து ஊர் ஆட்கள் வண்டியில் வந்து நல்ல தண்ணீர் பிடித்துப் போவார்கள். தடுக்காதீர்கள், தடுக்கவும் முடியாது. "இன்று குடித்த தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது" என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு மாதிரியோடும் எழுதிக்கொண்டால் போதும்.

வெள்ளைக்குடுவை

மழைநீர் பற்றி. கூரை 30 சதுர மீட்டர், ஆண்டு மழை 850 மி.மீ. அளவில், ஓட்டுக் கூரையில் விழும் மழையில் 0.8 பங்கு கைக்கு வரும் என்றால் 20,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கூரை போதும், சிக்கல் தொட்டியில்தான். ஐந்து பேருக்குக் குடிக்கச் சமைக்கத் தினம் 25 லிட்டர், மழையில்லாத 120 நாளுக்கு 3,000 லிட்டர்.

முதல் மழையைத் தள்ள 1 மி.மீ. என்றாலே 30 லிட்டர். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் கொள்ளும், மூன்றரை மீட்டர் குழாய் வேண்டும். தாழ்வான ஓட்டு வீட்டில் அது எங்கே நிற்கும்? 50 லிட்டர் டிரம் ஒன்றை அடியில் திறப்போடு வையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்துவிட மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். திறப்பில் மெல்லச் சொட்டும்படி சின்னத் துளை விட்டால் தானே காலியாகும். மாதம் ஒருமுறை எச்2எஸ் பாட்டில் (மலக்கிருமி இருந்தால் கறுக்கும் பரிசோதனை). 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் குளோரின் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளை இதில் சேர்க்க வேண்டாம்.

கம்பங்கொல்லை

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவில் கால்சியம். கால்சியம் குடலில் ஃபுளோரைடைப் பிடித்து வெளியே தள்ளும். 2023 முதல் தருமபுரியில் ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தைச் சேர்த்துக்கொண்டு களி, கூழ் பக்கமும் ஒரு பரிசோதனை வையுங்கள். புளியும் நல்லது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் ஃபுளோரைடு வெளியேற்றம் கூடியது.

பல்வரிசை

கம்பங்கொல்லை அக்கா சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரை மாற்றினால் சிறுநீர் எண் இறங்குவது நல்லது. புளி கொடுத்தால் அதே எண் ஏறுவதுதான் நல்லது. இரண்டையும் ஒரே ஊரில் ஒரே சமயம் செய்தால் ஒன்றை ஒன்று அடித்து, எண் அசையாமல் நிற்கும். பிறகு யாரும் எதையும் சொல்ல முடியாது. உணவுப் பரிசோதனையைக் கடைசிச் சிறுநீர்ச் சுற்றுக்குப் பிறகு, 28-ஆம் மாதம் வையுங்கள். களியையும் எந்தத் தண்ணீரில் கிண்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி அடர்வாகும்.

ஊர்க்கூட்டம்

இதுவரை வேதியியலும் கணக்கும் நன்றாக வந்துவிட்டன. இந்தத் திட்டங்கள் கவிழ்வது அங்கே அல்ல.

கூட்டம் எங்கே? கோயில் மண்டபம் வேண்டாம். காலனி ஆட்கள் வாசலில் நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். பள்ளி, அங்கன்வாடி, கிராம சேவை மையம். ஒரு முறை ஊரில் என்றால் மறுமுறை காலனியில், அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். எப்போது? நூறு நாள் வேலை நேரத்தில் வைத்தால் பெண்கள் இல்லை. ஓசூர், பெங்களூரு, திருப்பூர் போனவர்கள் ஞாயிறுதான் இருப்பார்கள். சாயங்காலம் ஆறரைக்கு வைத்தால் சமையல் நேரம். ஊரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

குழு 11 பேர்: டேங்க் ஆபரேட்டர், மகளிர் குழுவிலிருந்து மூன்று பேர் (ஒருவராவது காலனி), வார்டு உறுப்பினர் ஒருவர், கிராம சுகாதாரச் செவிலியர், தலைமையாசிரியர், விவசாயி இருவர், கல்லூரி ஒருவர், தொண்டு அமைப்பு ஒருவர். வெளி ஆட்களுக்கு இரண்டே ஓட்டு. தண்ணீர் பரிசோதிக்க ஜல் ஜீவன் வழிகாட்டுதலில் ஊருக்கு ஐந்து பெண்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று இருக்கிறது, அவர்களிலிருந்தே எடுங்கள். அளக்க, எழுத, கூட்டத்துக்கு வர எல்லாவற்றுக்கும் நாள் கூலிக் கணக்கில் பணம் கொடுங்கள். கல்லூரிக்காரருக்குச் சம்பளம், ஊர்ப் பெண்ணுக்குச் சால்வையா?

நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதுங்கள். குடிநீர்க் குழாயில் தொடர்ந்து இரண்டு முறை 1.5-க்கு மேல் வந்தால், மழைநீர்த் தொட்டி வீடுகளில் வயிற்றுப்போக்கு கூடினால், அலுமினா எங்காவது பயன்பட்டு அலுமினியம் 0.2 மி.கி.-ஐத் தாண்டினால், குழு மூன்று நாளுக்குள் கூடும், பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும். இது இல்லாவிட்டால் எதுவும் பரிசோதனை ஆகாது.

முடிவுகளை ஏழு நாளுக்குள் தொட்டித் தூணில் தமிழில் எழுதிப் போட வேண்டும். ஆனால் தனியார் போருக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்காதீர்கள். நிலத்தின் விலை போகும், பெண் கொடுக்க யோசிப்பார்கள், அடுத்த முறை உங்களைக் கொல்லைக்குள் விட மாட்டார்கள். பொது நீராதாரத்தின் எண் பொதுவில், தனியார் போரின் எண் உரிமையாளர் கையில். இதை முதல் மாதிரி எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கொல்லைமேடு

ஊர்க்கூட்டம் சொன்னதோடு ஒன்று. கேள்வி மாறும் என்று எதிர்பாருங்கள், வரைவில் அதற்கு இடம் விடுங்கள். சித்தேரி மலையடியில் சிட்டிலிங்கியைப் பாருங்கள். பழங்குடி நலவாழ்வு முயற்சி 1993-இல் மருத்துவமாகத்தான் தொடங்கியது. பிறகு இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் கைத்தையல் என்று போனது. அவர்கள் கள ஆய்வகம் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் நீண்ட காலம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அதுதான் நல்ல உதாரணம். ஆந்திராவில் விவசாயிகளே கிணற்று மட்டம் அளந்து பயிர் நீர்க்கணக்குப் போட்ட திட்டத்தையும் படியுங்கள். எண்ணைச் சேகரித்தவரும் அதைப் பார்த்துப் பயிரை முடிவு செய்தவரும் அங்கே ஒரே ஆள்.

உங்கள் ஊரிலும் பத்தாம் மாதம் யாராவது எழுந்து "ஃபுளோரைடு இருக்கட்டும், மாட்டுக்குத் தண்ணியே இல்லை" என்பார். நிதியில் நூற்றுக்கு 15 பங்கை எந்தத் தலைப்பிலும் சேர்க்காமல், குழுவின் முடிவுக்கு என்று விடுங்கள்.

சந்தேகி

நான் கேட்டது கிண்டலுக்கு. பதில் உருப்படியாக வந்துவிட்டது. இன்னொன்று: மூன்று வருடம் முடிந்ததும் டிசாப், எலக்ட்ரோடு, ஆபரேட்டர் படி இதெல்லாம் யார் தலையில்?

நீர்மட்டம்

அதேதான் எங்கள் கேள்வியும். மே 1 கிராம சபைக்கு முதல் தீர்மானம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். அதில் என்னவெல்லாம் எழுதலாம்?

ஊர்க்கூட்டம்

மே 1 நல்ல நாள். மார்ச் 22-இலேயே ஒருமுறை வாய்மொழியாகச் சொல்லி வையுங்கள், தீர்மானத்தை மட்டும் மே 1-க்கு. பிறகு ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று ஒவ்வொரு சபையிலும் பத்து நிமிடம் முடிவு வாசிப்பு.

தீர்மானத்தில் நாலு வரி போதும். தொட்டிப் பிரிப்புக்கு ஊராட்சி ஒப்புதல், ஆறு மாதத்துக்கு மட்டும், பிறகு சபை மறுபடி முடிவு செய்யும். மீட்டர், வால்வு ஊராட்சிச் சொத்து, திட்டம் முடிந்தாலும் கழற்றப்படாது. பதிவேடு இரண்டு பிரதி, ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று மகளிர் குழுவில். ஆபரேட்டர் படி முதல் ஆண்டு முழுக்கத் திட்டத்திலிருந்து, இரண்டாம் ஆண்டு பாதி, மூன்றாம் ஆண்டு முழுக்க ஊராட்சியிலிருந்து. தலைவர் பதவிக்காலம் நடுவில் முடிந்து தனி அலுவலர் வரலாம், அதனால் எந்த வரியிலும் ஆள் பெயர் வேண்டாம், பதவிப் பெயர் மட்டும்.

எலக்ட்ரோடை ஊராட்சிக்குத் தராதீர்கள், ஒரு வருடத்தில் காய்ந்துபோகும். கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கட்டும். மாதம் 24 பாட்டில் இலவசமாக அளந்து தருவதாகக் கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும், திட்டம் முடிந்த பின் ஐந்தாண்டுக்கு. கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு அந்தக் கடிதம் வராத வரை மே 1-க்குத் தீர்மானத்தை வைக்காதீர்கள்.

நீர்மட்டம்

கடிதத்துக்கு இந்த வாரமே கேட்கிறோம். திருத்திய வரைவை இங்கேயே போடுகிறேன், 9-ஆம் மாதச் சிறுநீர் மாதிரிப் படிவத்தைப் பல்வரிசை மேடம் ஒருமுறை பார்த்தால் நல்லது.